கடனே என்று

பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால்
அபராதத்தை வாசித்துக் கழிக்கலாம்.
கால் மணி நேரத்துக்கு ஒரு டாலர்.
டுலூத் நகர நூலகம், இரண்டாம் மாடி, இளையோர் பிரிவு.
ஹீட்டருக்கு மேலே அந்தத் தாளை ஒட்டியது நான்தான்.
ஓரம் சுருண்டு, கடைசியில்
'டாலர்' மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

கேலப் லெஹ்தோவின் கணக்கில்
இருபத்து மூன்று டாலர் நாற்பது சென்ட்.
பனிச்சறுக்குப் புத்தகம் ஒன்று
சுப்பீரியர் ஏரியில் விழுந்துவிட்டதாம்.
"எப்படி விழுந்தது?"
"நானும்தான் விழுந்தேன்."
அதற்கு மேல் கேட்க
எங்கள் படிவத்தில் இடமில்லை.

முதல் செவ்வாய் அவன் வாசிக்கவில்லை.
திறந்த பக்கத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கினான்.
தூக்கம் வாசிப்பில் சேருமா?
விதிக் கையேட்டைப் புரட்டினேன்,
அது வாய் திறக்கவில்லை.
பென்சிலால் எழுதினேன்:
நான்கு பத்து முதல் ஐந்து நாற்பது வரை. ஆறு டாலர்.
எழுந்தபோது தாளின் விளிம்பு
அவன் கன்னத்தில் ஒரு கோடு போட்டிருந்தது,
இதுவரை படித்தாயிற்று என்பதுபோல.

அப்புறம் வாசித்தான். கடனே என்றுதான்,
அந்தச் சொல்லுக்கு அகராதி தரும் இரண்டு பொருளிலும்.
பெரிய எழுத்துக் கௌபாய் கதை,
கம்பு ரொட்டிச் செய்முறை,
இரும்புத்தாதுக் கப்பல்கள் வந்துபோகும் நேரப் பட்டியல்.
"இது புத்தகமில்லையே."
"பக்கம் இருக்கிறதே."
உள்ளே என்ன என்று கேளாமல்
கூலிக்கு மூட்டை இறக்குகிறவன்போல
கையில் கிடைத்ததையெல்லாம்.

நான்காம் செவ்வாய்
ஒரு மூட்டை அவிழ்ந்துகொண்டது.
என்ன புத்தகம் என்று சொல்லமாட்டேன்.
யார் எதை எடுத்தார் என்பதை
வெளியே சொல்லக்கூடாது, எங்கள் தொழில் அப்படி.
இவ்வளவு சொல்லலாம்:
அலைபேசி மூன்று முறை அதிர்ந்தது, அவன் எடுக்கவில்லை.
எதிரே ஹோடன் வார்சமே
அல்ஜீப்ராவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"என்ன, அழுகிறாயா?"
"ஹீட்டர் சூடு."

ஐந்து இருபத்தைந்துக்குச் சட்டென்று மூடினான்.
பாக்கி நாற்பது சென்ட். ஆறே நிமிடம்.
"இருந்து முடித்துவிட்டுத்தான் போயேன்."
"பஸ் வந்துவிடும்."
அந்தப் பஸ் ஐந்து ஐம்பதுக்கு.
எனக்குத் தெரியும், நானும் அதில்தான் போகிறவள்.

திங்கள் இரவு நகரமன்றம் கூடி
ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில்
அபராதம் முழுவதையும் ரத்துசெய்தது.
ஆறு வருடமாக இதற்கு மனு எழுதியவள் நான்.
பத்து டாலருக்குப் பயந்து
இந்தத் தெருவையே சுற்றிப்போகும் பிள்ளைகளை
எண்ணிக் காட்டியவள்.
காலையில் கேக் வெட்டினோம்.
தாளைக் கிழித்தெடுத்தோம்.
கணினி விடிவதற்குள்
எல்லார் பெயருக்கு எதிரிலும் பூஜ்யம் வைத்திருந்தது.

நான்கு பத்து.
தாள் இருந்த இடத்தில் சுவர் வெளிறிக் கிடந்தது.
அதன் முன்னால் நின்றான்.
பை தோளிலிருந்து இறங்கவில்லை.
"அப்போ எனக்கு ஒன்றும் பாக்கியில்லை."
துறைமுகப் பாலத்தைத் தூக்கச் சொல்லி
ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது.
அது ஓயும்வரை எனக்கு நேரம் கிடைத்தது.

பழைய நோட்டைப் பிரித்தேன்.
"ஆறு நிமிடம் இருக்கிறது.
கணினிக்குத் தெரியாது, இதில் இருக்கிறது."
திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"பொய்."
"நாற்பது சென்ட்."

பையை இறக்கினான்.
புத்தகம் அலமாரிக்குப் போயிருக்கவில்லை.
தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில்
பஸ் சீட்டு செருகியபடி ஒரு வாரமாகக் கிடந்தது.
ஹோடன் நிமிராமலே
காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டாள்.

மூடும் நேரம். விளக்குகளை
வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தேன்.
"இன்னும் எவ்வளவு?" என்றான், தலை தூக்காமல்.
நிமிடத்தைக் கேட்டானா, பக்கத்தையா,
தெரியவில்லை.
அவன் தலைக்கு மேல் எரிந்ததை விட்டுவிட்டு
அடுத்ததை அணைத்தேன்.