பதினேழாம் தூண்

நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் எங்களுக்கு விடியும்.
இன்றைக்கு நாலே முக்கால்.
பிறை ஆற்று வாயில், எண்ணெய்ப் படகுகள் கட்டும் துறையில்
நானும், முக்குளிக்கும் ஃபைருலும்,
பிளாஸ்டிக் பையில் நூல் கட்டித் தொங்கும் கோப்பி ஓவும்.

வெள்ளிக் குச்சியைக் கயிற்றில் இறக்குகிறேன்.
மீட்டரின் ஒரு கை அதில், மறுகை தூணில்.
எல்லாத் தூணுக்கும் ஒரே கேள்விதான்:
உன் எலக்ட்ரான்கள் உன்னிடம் இருக்கின்றனவா,
கிளம்பிவிட்டனவா?

மில்லிவோல்ட்டில், எல்லாமே கழித்தல் கணக்கு.
பதினைந்து: தொள்ளாயிரத்து முப்பது. நலம்.
பதினாறு: தொள்ளாயிரத்து இருபத்தாறு. நலம்.
எண்ணூறைத் தொடாவிட்டால் சிவப்பு மை.
பதினேழு: அறுநூற்று நாற்பத்திரண்டு.

மீட்டரைத் தட்டினேன். பேட்டரியை மாற்றினேன்.
அறுநூற்று நாற்பத்திரண்டு.

உப்பின் குற்றம் என்பார் எங்கள் மேலாளர் லிம்.
உப்பு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.
ஒரே தூணின் தோலில்
ஓரிடம் இரும்பை இழக்கிறது,
இன்னோரிடம் அந்த இழப்பை வாங்கி
நீரில் கரைந்த பிராணவாயுவுக்கு ஊட்டுகிறது.
தனியாகக் கம்பி வேண்டாம்; தூணே கம்பி.
திரும்பி வரக் கடல்.
செங்கல் நிறத்தில் நாம் பார்ப்பது
திருடன் தின்றுவிட்டுப் போட்ட பொட்டலக் காகிதம்.

துறையடியில் தொங்கவிட்ட எஃகு வில்லைகளையும் எடுத்தேன்.
தொண்ணூறு நாள் ஊறியவை.
அமிலத்தில் கழுவி, உலர்த்தி, தராசில் வைத்தால்
கடல் எவ்வளவு சாப்பிட்டது என்று தெரியும்,
நாலு தசமத் துல்லியத்தில்.

ஃபைருல் மேலே வந்தான். வாய்க்குழாயைத் துப்பினான்.
"காக் தவா, துத்தநாகம் தீர்ந்துபோச்சு.
நடுக்கம்பிதான் மிச்சம், மீன் முள்ளு மாதிரி."
பத்து வருடத்துக்கென்று போட்டது.
மூன்று முடியவில்லை.

அப்புறம்தான் ஏணியைப் பார்த்தேன்.
எவர்சில்வர். ஒரு கறை இல்லை.
அதிகாரிகள் கால் வழுக்காமல் இறங்க,
இரண்டு வருடம் முன்பு யாரோ
நேராகத் தூணிலேயே பற்றவைத்திருக்கிறார்கள்.
அது துருப்பிடிக்காது.
பக்கத்தில் நிற்பவனைப் பிடிக்க வைக்கும்.
அதற்கும் சேர்த்துத்தான் துத்தநாகம் படியளந்திருக்கிறது.

வெட்டி எடுத்து,
நைலான் வளையம், நைலான் உறை, புதிய போல்ட்.
ஏணிக்கும் தூணுக்கும் பேச்சுவார்த்தை அற்றால் போதும்.
அலை தெறிக்கும் இடத்துக்கு மட்டும் இது ஆகாது.
நீர் மூடாத இடத்துக்குத் துத்தநாகத்தின் கை நீளாது;
அங்கே பூச்சு, அதன்மேல் பசைத்துணி,
அதை உரித்துப் பார்க்க என்னைப் போல ஒருத்தி.

அறிக்கையில் 'தியாக நேர்மின்வாய்' என்று எழுதும்போதெல்லாம்
பேனா கொஞ்சம் நிற்கும்.
தியாகமாவது!
யாராவது அதைக் கேட்டார்களா?
வரிசையில் இரும்புக்குக் கீழே நின்றது,
பிடித்து வெல்டிங் பண்ணிவிட்டார்கள்.

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம்
அக்கா மோகனா பாயான் லெப்பாசில் இரவு வேலைக்குப் போனாள்.
சில்லுகளைப் பையிலிட்டு, காற்றை உறிஞ்சி, மூடும் வேலை.
இன்னும் அங்கேதான்.
என் கல்யாணத்தில் பெரியப்பா ஒருவர்
மைக்கில் அந்தச் சொல்லைச் சொன்னார்.
அவள் இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கருவிப் பெட்டியை மூடப் போனேன்.
மீட்டரைச் சுற்றிச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள்,
உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள்,
வெளியே மூன்று மொழியில் 'உண்ணாதீர்'.
ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போதெல்லாம்
பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் போகிறாள்.
கேட்டால், "எது?" என்பாள்.

பதிவேட்டில் பதினேழுக்கு நேரே
துத்தநாகம் மாற்ற வேண்டிய தேதியை எழுதினேன்,
சிவப்பில்.
தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது.
பதினெட்டு பாக்கி.