பதினைந்தாவது பெயர்

வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.
துர்காஷினி பென்சிலால்தான் நிரப்பியிருக்கிறாள்.
அழித்து அழித்துத் தாள் மெலிந்த இடத்தில்
மேசைவிரிப்பின் பூ தெரிகிறது.
இயற்பியல். வேதியியல். உயிரியல்.
நான்காவது கட்டத்தில்
கூடுதல் கணிதம்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
அவள் போட்டதல்ல, பள்ளி போட்டது:
பதினைந்து பேர் சேர்ந்தால்தான் வகுப்பு.

பதினான்கு பேர் இருக்கிறார்கள்.

நான் வேன் ஓட்டுகிறேன்.
ஊத்தான் மெலிந்தாங்கில் எந்தப் பிள்ளை
எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறது என்று
தலைமையாசிரியரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
காலை ஐந்தே முக்காலுக்கு, ஆலைப் புகை
கண்ணாடியில் எண்ணெயாய்ப் படியும் நேரத்தில்
ஹீலியம் லித்தியம் பெரிலியம் என்று
பின்னிருக்கையில் ஒருத்தி தூக்கத்திலேயே முணுமுணுப்பாள்.
செம்பனைக் குலை லாரி முன்னால் ஊர்ந்தால் சந்தோஷம்,
இன்னும் ஒரு பக்கம் புரட்டலாம்.
அவர்கள் பேச்சிலிருந்துதான் கற்றேன்:
மெட்ரிகுலேஷனுக்கு எது வேண்டும்,
ஆறாம் படிவத்துக்கு எது போதும்,
பொறியியல் என்றால் இந்தக் கணிதம் இல்லாமல்
கதவைத் தட்டவே முடியாதாம்.

துர்காஷினிக்குப் பாலம் கட்ட வேண்டும்.
எந்தப் பாலம் என்று கேட்டால்
பெர்ணம் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டுவாள், அவ்வளவுதான்.

பதினைந்தாவது பெயருக்கு
என்னிடம் ஒரு பையன் இருந்தான்.
மூணாங்கட்டையில் கடைசியாக இறங்குகிறவன், ருத்ரவேல்.
வேன் இருமினால் எங்கே வலி என்று சொல்லிவிடுவான்.
மோட்டார் தொழில் பாடம் எடுக்கப் போகிறான்.
கணிதத்தில் போன தவணை முப்பத்தெட்டு.
அவன் அம்மா இரண்டு மாத வேன் காசு பாக்கி.

இதை நான் திங்கட்கிழமையே யோசித்துவிட்டேன்.
யோசிக்கவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை.
ஒரு கையெழுத்து. பாக்கியை மறந்துவிடுகிறேன்.
வகுப்பு திறந்த பிறகு அவன் மாற்றிக்கொண்டால்
யார் கேட்கப் போகிறார்கள்?
வாக்கியங்களை ஸ்டீயரிங் மேல் அடுக்கி அடுக்கி
செவ்வாய் போனது, புதன் போனது.

வியாழன். வேனில் அவனும் நானும் மட்டும்.
மழை. துடைப்பான் என் பக்கம் மட்டும் ஆடுகிறது.
அவனே கேட்டான்:
“அக்கா, ஒரு ஆள் குறையுதாமே.
நான் பேரு குடுக்கவா?
பெயிலானாலும் பரவால்ல,
எனக்கு அந்த மார்க் தேவையில்லதானே.”

எனக்கு வேண்டியது அதுதான்.
கேட்காமலே நீட்டுகிறான்.
கியரை மாற்றினேன், இடறியது.
“கிளட்ச் கேபிள்” என்றான்
ஜன்னலைப் பார்த்தபடியே.

இரண்டு வருஷம்
புரியாத பலகைக்கு முன்னால் உட்காரச் சம்மதிக்கிறவன்
புரிந்த ஒன்றை
திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டான்.

“வேணாம்டா” என்றேன்.
அதன் பிறகு மூணாங்கட்டை வரை
என் மேலேயே எனக்குக் கோபம்.

ராத்திரி அவளிடம் சொன்னேன்.
அழவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளவுமில்லை.
“நான்தாம்மா அவன்கிட்ட கேட்டேன்” என்றாள்,
“கேட்டிருக்கக் கூடாது.”

பிறகு கால்குலேட்டரை எடுத்தாள்.
பள்ளி சம்மதித்தால்
வகுப்பு இல்லாமலும் பரீட்சை எழுதலாமாம்.
தெலுக் இந்தானில் ஓர் ஆசிரியை இருக்கிறார்,
சனிக்கிழமை, தலைக்கு அறுபது வெள்ளி.
பதினான்கு பேர்.
என் வேனில் பதினோரு இருக்கை.
மூன்று பேர் புத்தகப்பை மேல் உட்கார வேண்டும்,
வழியில் நிறுத்தினால் சம்மன்.

கணக்கு இன்னும் வரவில்லை.
பென்சிலைத் தேடினாள்.
நான் பேனாவை நகர்த்தினேன்.
கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டு
நான்காவது கட்டத்தில்
தாள் கிழிந்துவிடாமல் எழுதுகிறாள்.

நாளைக்குக் கேபிள் வாங்க வேண்டும்.
எந்தக் கடை என்று
இறங்கும்போது அவன் சொல்லிவிட்டுத்தான் போனான்.