கர்ணம்

ஃபீஸ் கட்டாத ஏழு பேர்
வராந்தாவில் நின்றோம்.
கரும்பலகை தெரியாது, குரல் மட்டும் வரும்:
கர்ணத்தின் வர்க்கம்
மற்ற இரு பக்க வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம்.
கர்ணன் என்றே நினைத்தேன்.
கொடுத்தே செத்தவனுக்குக்
கணக்கில் என்ன வேலை?
தங்கபுஷ்பத்திடம் கேட்டேன்.
அவளும் யோசித்தாள்.
அடுத்த மாதம்
தோல்பை தைக்கப் போய்விட்டேன்.

இருபத்தாறு வருஷம்.
மாட்டுங்கா இரவுப்பள்ளியில் ஃபீஸ் மூன்று தவணை.
முதலாவதுக்கு
அன்சாரி பட்டறையில் ஒன்பது நாள் ஓவர்டைம்.
மகள் எழுதாமல் விட்ட பக்கங்களைச் சேர்த்து
பை தைக்கிற நூலாலேயே
தைத்துக்கொண்டேன் ஒரு நோட்டு.

ஷிர்கே டீச்சரின் மராத்தி
வேகமாகப் போனால் பாதி நழுவிவிடும்.
இன்றைக்கு ஒரு முக்கோணம் போட்டார்.
சாய்ந்த கோட்டை ஸ்கேலால் தட்டி
"கர்ண" என்றார்.

அட, நீதானா!

எத்தனை ஆயிரம் பைகளின் மூலைக்கு
கண் திட்டத்திலேயே
உன்னை வெட்டிப் போட்டிருக்கிறேன்,
பெயர் தெரியாமல்.

பக்கத்து பெஞ்சு பையன் பார்க்கிறான்,
இந்த வயதில் கணக்குக்குச் சிரிக்கிற ஆளை.

இரண்டாம் தவணை பதினைந்தாம் தேதி.
அதுவரை
உள்ளேதான் உட்கார்ந்திருப்பேன்.