பேனை

மல்லாவிச் சங்கக்கடைக்கு
மண்ணெண்ணெய் வந்த முதல்நாள்
அடிபட்டு, கான்கள் நசுங்கி,
ஒருத்தியின் காப்பு உடைந்து கை கிழிந்தது.

அடுத்தநாள் கோணேசன்
ஒரு கொப்பியோடு வந்தான்.
ஆரும் அவனைக் கூப்பிடவில்லை.
"பேரைச் சொல்லுங்கோ, நம்பர் தாறன்."
அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு.
பேனை என்னுடையது.

வெயிலில் நிற்கிறானே என்று
கடை மனேச்சர் கதிரை போட்டார்.
கதிரை வேம்பின் கீழே போக
வரிசை வெயிலுக்குள் நகர்ந்தது.

பிறகு இரண்டு பொடியள், பக்கத்தில்.
பிறகு றபர் முத்திரை.

"அறுபத்துமூன்றுக்கு முன்னம்
எழுபது எப்பிடித் தம்பி போகும்?"
கேட்ட திரேசம்மாவின் பேருக்குக் குறுக்கே
ஒரு கோடு.
நாங்கள் அவரவர் கானுக்குள்
எதையோ தேடிக்கொண்டு நின்றோம்.
சண்டை இல்லை இப்போது,
அது பெரிய விசயம்.

அன்றிரவு
சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலியில்
எங்கேயோ ஒரு நாட்டில்
படை ஆட்சியைப் பிடித்ததாம்.
சனம் தெருவுக்கு வந்து
சிப்பாய்களுக்குப் பூக் கொடுத்ததாம்.
"விசர்ச் சனம்" என்றேன்,
விளக்குத் திரியை இறக்கியபடி.
நாளைக்கும் எண்ணெய் வேண்டும்.

விடிய,
பேனையைத் திருப்பிக் கேட்கப் போனேன்.
நிமிராமலே கேட்டான்:
"எத்தனையாம் நம்பர்?"