ஆறும் வரை

ஏழு மணிக்கு வருகிறேன்,
அதுவரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று
இரண்டு முறை எழுதி அனுப்பியிருந்தேன்.
புக்கிட் பாத்தோக்கில், அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் நான்காம் தளம்.
தூணுக்கும் ஒரு லாரிக்கும் நடுவே
வெள்ளி நிற விஷ்.
வணக்கம் சொல்லுமுன் பானட்டில் உள்ளங்கை வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.

"மூன்றாம் தளத்திலிருந்து ஏற்றினேன் சிஸ்டர், அவ்வளவுதான்"
என்றார் ரிட்சுவான்.
ஒரு தளம் ஏறியா இத்தனை சூடு?
"பரவாயில்லை. ஆறட்டும்.
நான் காத்திருக்கிறேன்."

காத்திருந்த நேரத்தில் கண் சும்மா இருக்கவில்லை.
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் என்றது மீட்டர்.
ஸ்டியரிங்கின் தேய்ந்த தோலும்
வழுக்கையான பிரேக் மிதியும்
அதே கணக்கைச் சொல்லின.
மூன்று சாட்சியும் ஒத்துப்போனால் ஒரு கவலை குறைவு.
நான்கு டயருக்கு மூன்று கம்பெனி:
முடிந்தபோது முடிந்ததை மாற்றியவர்.
நானும் அப்படித்தான் அவனுக்குத் தட்டு வாங்குகிறேன்.
பின்கதவில் மட்டும் வெள்ளி ஒரு மாற்று அதிகம்.
முன்கதவின் இடுக்கில் நுழைந்த என் நகம்
அங்கே நுழையவில்லை.
பூசணிக்காயை மறைக்க
அவரிடம் சோறு போதவில்லை.
"கண்டெய்னர் லாரி உரசியது, துவாஸில்" என்றார்,
நான் கேட்காமலே.
அதைக் குறித்துக்கொண்டேன்.

சிஓஇ இன்னும் இரண்டு வருடம் ஏழு மாதம்.
ஐந்து வருடத்துக்கு நீட்டியது, மறுபடி நீட்ட வழியில்லை.
அதற்குப் பிறகு
ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரும்புக்கு.
ஆயுளை லாக் கார்டிலேயே எழுதிவிட்டார்கள்.
நான் பார்க்க வந்தது
அதுவரை படுத்துக்கொள்ளாமல் இருக்குமா என்பதை.

கீழே காப்பிக்கடையில் இரண்டு தே ஓ கோசோங்.
ஒன்றரை மணி நேரம்.
பெரியவன் தேசிய சேவைக்குப் போய்விட்டானாம்,
சின்னவள் எம்ஆர்டியில்தான் போவேன் என்கிறாளாம்,
காலி இருக்கைகளைச் சுமந்து பெட்ரோல் குடிக்கிறதாம்.
நான் என் கதையைச் சொன்னேன்:
பதினேழாம் மாடியில் கேக் அடுப்பு,
வாடகை வேன், செங்காங் திருப்பத்தில் ஒரு சடன் பிரேக்,
சரிந்துபோன நடுத்தட்டு,
மணப்பெண்ணின் அம்மா
என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அவர் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.
"சொல்லிவிடுகிறேன் சிஸ்டர்.
ஆறிக் கிடந்து கிளப்பினால் பெல்ட் கத்தும்.
போன ஆள் அந்தச் சத்தம் கேட்டே ஓடிவிட்டான்.
அதனால்தான் ஆறரைக்கே கிளப்பி வைத்தேன்."

மேலே போனோம். பானட் இப்போது வெறும் தகரம்.
சாவியைத் திருப்பினேன்.
வால் மிதிபட்ட பூனையாய் ஒரு கத்தல்,
மூன்று நொடி, நான்கு,
பிறகு சீரான மூச்சு.
புகைக்குழாய்க்குப் பின்னால் நின்று பார்த்தேன்,
நீலப் புகை இல்லை.

கடைசிச் சோதனை என்னுடையது.
ஐஸ்கிரீம் டப்பாவில்
மார்க்கர் கோடுவரை தண்ணீர்.
பின்வரிசைக் காலடியில் வைத்து
அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.
"பிடிக்கக் கூடாது. ஆடினாலும் பிடிக்கக் கூடாது."

சுருள் சரிவில் இறங்கினேன்.
முதல் மேடு. இரண்டாம் மேடு.
மூன்றாவதில் கொஞ்சம் வேகமாகவே ஏற்றினேன்.
கண்ணாடியில் பார்த்தேன்:
அவர் கை டப்பாவை நோக்கிக் கிளம்பியது,
பாதியில் நின்றது,
திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

கோட்டுக்குக் கீழே ஒரு விரல்.
தரைவிரிப்பில் ஈரம், உள்ளங்கை அகலம்.
மூன்று தட்டுக் கேக் தாங்கும்,
நான் மெதுவாக ஓட்டினால்.

இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி
வீட்டிலேயே பேசிப் பழகி வந்திருந்தேன்.
பெல்ட்டுக்கும் கூலிக்கும் மட்டும் கழித்துக் கேட்டேன்.
அவர் தலையாட்டினார்,
டப்பாவை எடுத்துப் போய்
ஓரத்துச் செடித்தொட்டியில் ஊற்றினார்.

ஏசியைப் போட்டதும் வந்த
ஈரத்துணி வாடையைப் பற்றி மட்டும்
இரண்டு பேரும் பேசவில்லை.