நாலு மணி வரைக்கும்

புளியரைச் சோதனைச்சாவடியில்
முதுகில் தொட்டி, கையில் பீச்சுகுழல்.
மலையிறங்கி வரும் கோழி வண்டிகளின் டயருக்கு
மருந்தடிப்பது என் வேலை.
பறவைக் காய்ச்சல் ஓய்ந்த மாதத்திலும்
அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தானோ என்னவோ
சட்டைக்கு அடிக்கிற விஷயத்தில்
எனக்குக் கொஞ்சம் கவனம் அதிகம்.
இருநூறைத் தாண்டியதில்லை.
செங்கோட்டை மைதீன் பிச்சை கடையில்
கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டு என்னுடையது.
குனிந்துதான் எடுக்க வேண்டும்.

சித்திரைக்குப் பச்சை மூடி எலுமிச்சை, நூற்றுப்பத்து.
அடித்த நிமிஷம் பக்கத்தில் யாரோ
சர்பத்துக்குப் பழம் பிழிந்த மாதிரி.
பஸ் கட்டளைக்குடியிருப்பு தாண்டுமுன்
பழம் இறங்கிப் போய்விடும்,
தோல் மட்டும் நின்றுகொண்டே வரும்.
குறையாகச் சொல்லவில்லை.
அந்த வெயிலில் அதற்குமேல் தங்குகிற எதுவும்
நெற்றிப்பொட்டில் ஆணி அடிக்கும்.

மச்சினன் கொடுத்த பழுப்பு பாட்டில் ஒன்று,
மூடியில் குதிரை.
கிராம்பும் பீடிக்கட்டும் புது பெல்ட்டும்.
பங்குனியில் ஒருநாள் அடித்துக்கொண்டு போனேன்.
'சீட்டுக் கம்பெனிக்காரன் மாதிரி இருக்கு'
என்று பேச்சிக்கனி மூக்கைப் பொத்தினாள்.
ஆனியில் கணவாய் வழியே காற்று இறங்கி
சாரல் சட்டையை நனைத்தபோது
அதே குதிரை
குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றிருந்தது.
அவளே பக்கத்தில் வந்து
இது எப்ப வாங்கினது என்றாள்.

ரப்பர் ஷீட் லாரி நின்றால் மட்டும்
எதுவும் செல்லாது.
புளித்த பாலில் ஊறிய காலுறை.
அதன் முன்னால்
மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்று.

ஐப்பசிக்கு இன்னும் சரியாக எதுவும் அமையவில்லை.
மழைக்கோட்டின் பிளாஸ்டிக் ஜெயித்துவிடுகிறது.

கார்த்திகை பிறந்தால் சந்தன ரோல்-ஆன், முப்பத்தைந்து.
வண்டி வண்டியாகக் கற்பூரமும் விபூதியும்
இருமுடி நெய்யும் மேலேறுகிற இரவில்
தனியாக மணக்க வெட்கமாயிருக்கும்.
சந்தனமா இது என்று கேட்டேன்.
'சந்தனம் போன தெரு வழியா
இதுவும் ஒருக்கா போயிருக்கு, அவ்வளவுதான்'
என்றார் மைதீன் பிச்சை.

போன தை மாதம் ஜோமோன்,
காலிக் கூண்டு வண்டிக்காரன்,
பாதி பாட்டில் ஒன்றை ஜன்னல் வழியே நீட்டினான்.
அளியன் துபாயிலிருந்து கொண்டுவந்ததாம்.
'நான் அடிச்சுப் பார்த்தேன் சேட்டா,
கோழி தோற்கவில்லை.
நீங்கள் வெச்சோ.'

ஒரே ஒரு பீச்சு.
வாசனை என்றால் அதுதான், பொய் சொல்லக் கூடாது.
ஈர மரம், பிறகு ஏதோ பூ, பிறகு
ஏசி ஓடுகிற பெரிய வீட்டின் வரவேற்பறை.
நாலு மணிக்கு இருந்தது.
இரவு சாப்பாட்டுக்கு இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுக் கசக்கி
கொடியில் காயப்போட்ட பிறகும்
அந்த வரவேற்பறை
முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தது.
பேச்சிக்கனி காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்,
'யாரு வந்துட்டுப் போனா?'

படுத்தபின் கையை மோந்து பார்த்தேன்.
மருந்து நெடி இல்லை, வேர்வை இல்லை.
என் தலையணையில்
அளியன் படுத்திருந்தான்.

அடுத்த வாரம் ஜோமோன் வண்டிக்கு
நாலு டயருக்கும் மருந்தடித்தேன்.
கூண்டுக்குள்ளே, இறகு ஒட்டிய கம்பிகள்மேல்
துபாயிலிருந்து இரண்டு பீச்சு.
பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன்.
வளைவு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே போனான்.

இப்போது மறுபடி வெயில் ஏறுகிறது.
கீழ்த்தட்டில் புதுசாக வெட்டிவேர் வந்திருக்கிறது,
தொண்ணூற்றைந்து ரூபாய்.
குனிந்து எடுத்தேன்.

'சீக்கிரம் போயிருமா?'

மைதீன் பிச்சை முகம் சுருங்கியது.
வியாபாரத்தில் பொய் சொல்லாத மனுஷன்.
'போயிரும்யா. நாலு மணி தாண்டாது.'

'ஒண்ணு குடுங்க.'