திங்கள் எனக்கு, செவ்வாய் உனக்கு

ஆணை வந்த இரவு நீ சிரித்தாய், எவுசேபியோ.
பெண்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி.
ஆண்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி.
ஞாயிறு
ஞாயிற்றுக்கே.

அடையாள அட்டையின் கடைசி எண்
எனக்கு ஏழு, உனக்கு நான்கு.
ஆக, காலை ஏழை ஒட்டி எனக்கு இரண்டு மணி நேரம்,
மாலை நான்கை ஒட்டி உனக்கு.
பதினோரு வருடம்
ஒரே போர்வைக்குச் சண்டையிட்டவர்களுக்கு
பனாமா நகரம்
இரண்டாகக் கிழித்துக் கொடுக்கப்பட்டது.

என் பாதியில் ஆண்களே இல்லை.
மருந்துக்கடை வரிசையில்
பூப்போட்ட முகக்கவசத்தோடு பெண்கள்,
ஆளுக்கு ஆறடி தள்ளி,
கத்திக் கத்திக் குசலம் விசாரித்துக்கொண்டு.
உன் பாதி எப்படி என்று
நீ சொல்லித்தான் தெரியும்.
ஆண்கள் பேசவே இல்லை, என்றாய்.
துண்டுச்சீட்டைப் பார்த்தபடி
தக்காளிக்கு முன்னால்
பரீட்சைக்கு வந்தவர்கள் போல நின்றார்களாம்.
நீயும்தான்.
மரவள்ளி என்று எழுதி அனுப்பினால்
பெருவள்ளியோடு வருவாய்.

யாரிஸ்பெலுக்கு அப்போது ஆறு வயது.
அவளுக்கு எந்தக் கிழமையும் கிடைக்கவில்லை.
குளிர்பெட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே
சைக்கிள் ஓட்டக் கற்றாள்.
கைப்பிடி உரசிய கோடு சுவரில் இன்னும் இருக்கிறது;
வெள்ளையடிக்க வந்தவனிடம்
அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னேன்.
கதவு திறந்ததும் ஓடிவருவாள்.
பையைத் தொடாதே என்று கத்துவோம்.
எட்ட நின்று கேட்பாள்:
இன்னைக்குத் தெரு என்ன பண்ணுச்சு?
காலண்டரின் பின்பக்கத்தில்
நீ சொன்னதை நீலத்திலும்
நான் சொன்னதைச் சிவப்பிலும் வரைந்து
தனக்கொரு தெருவைக் கட்டிக்கொண்டாள்.

குவயக்கான் மரம் பூத்தது உன் சனிக்கிழமையில்.
ஓர் இலை இல்லை, முழுக்க மஞ்சள்,
கண் கூசியது என்றாய்.
மூன்று நாள் பூ அது.
திங்கள் காலை நான் போனபோது
எல்லாம் தரையில்.
யாரும் மிதிக்காத மஞ்சள்.
நடைபாதையை அதற்கு விட்டுவிட்டு
நடுச்சாலையில் நடந்தேன்.
அவளோ மரத்தை நீலமாகவும்
பூவைச் சிவப்பாகவும் போட்டாள்.

பொய் சொல்லக் கூடாது,
சுகமாகவும் இருந்தது.
உன் முடியை நான் வெட்டி
பிடரியில் படிக்கட்டு விழுந்த நாள்.
மழை விடாத ஒரு பகல் முழுக்க டொமினோ ஆடி
நீ எனக்கு நாற்பதாயிரம் பல்போவா கடன்பட்டது.
இன்னும் தரவில்லை.
உன் ஹோட்டல் சம்பளத்தை நிறுத்திய மாதம்
பருப்பு, மறுபடி பருப்பு,
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
நான் அழுதது.
தண்ணீர்க் கட்டணமும் ஏறுமே என்ற நினைப்பில்
சீக்கிரம் முடித்துக்கொண்டது.

ஒரு வியாழன் ரொட்டி இல்லாமல் வந்தாய்.
அபெலார்தோ கடை பூட்டியிருக்கு,
சித்ரேயில் மகள் வீட்டுக்குப் போயிட்டாராம், என்றாய்,
கையை மிக நீண்ட நேரம் கழுவிக்கொண்டே.
பாலம் தாண்ட ஒருவரையும் விடாத மாதம் அது.
எனக்கு அது உறைக்கவில்லை.

வெள்ளி காலை
ஷட்டரில் கறுப்பு ரிப்பன்.
மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து,
ஓரம் சுருண்டு கிடந்தது.
நேற்றும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

யாரிஸ்பெல் சிவப்புப் பென்சிலோடு நின்றாள்.
ரொட்டிக்கடை திறந்தாச்சா?
அடுப்படியில்
நீ வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாய்.
இல்லை கண்ணு,
அவர் இன்னும் மகள் வீட்டில்தான், என்றேன்.
கத்தி மீண்டும் நகர்ந்தது.

இப்போது எல்லாக் கிழமையும் எல்லோருக்கும்.
ஒரே தள்ளுவண்டியை இருவரும் பிடித்துத் தள்ளி
திருப்பங்களில் இடித்துக்கொள்கிறோம்.
யாரிஸ்பெல் பத்தடி பின்னால் வருகிறாள்,
எங்களைத் தெரியாதவள் போல.

போன வாரம் உன் பழைய தோள்பையில்
அந்தச் சீட்டுகள் அகப்பட்டன, என் கையெழுத்தில்.
வெங்காயம், சோப்பு, அரிசி, ரொட்டி.
வெங்காயம், சோப்பு, அரிசி, ரொட்டி.
ஒரு சனிக்கிழமையிலிருந்து ரொட்டி இல்லை.
ஏன் என்று நீ கேட்கவே இல்லை.